காற்றுப் பை விரியாவிட்டால் பதில் சொல்பவர் யார்?

2017-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி, டில்லிக்கும் பானிப்பட்டுக்கும் இடையேயுள்ள பெருவழியில் ஒரு மோட்டார் கார் விபத்துக்குள்ளாயிற்று. ஹூண்டாய் கம்பெனியாரின் அந்தக் காரை வாங்கி இரண்டே கால் வருஷந்தான் ஆகியிருந்தது. வண்டி பெருஞ்சேதமடைந்தது, உரிமையாளருக்குத் தலையிலும் மார்பிலும் பல்லிலும் காயங்கள் ஏற்பட்டன. அந்த வண்டியில் முன் ஆசனத்தாரைக் காப்பதற்கென்று ‘ஏர்பேக்’ எனப்படும் காற்றுப் பைகள் இருந்தன. அவை இருந்ததனாலேயே அவர் அந்த வண்டியை வாங்கினார். ஆனால் வேண்டிய சமயத்தில் அவை விரியவில்லை.

ஏன் விரியவில்லை என்று அவர் கேட்டார். மோதலின் வேகம் போதவில்லை என்றும், முன்புறத்திலிருந்து தக்க விசை தாக்கினாலன்றிப் பை விரியாது என்றும் கம்பெனியார் பதில் சொன்னார்கள். அவர் விட்டுவிடவில்லை. டில்லி மாகாண நுகர்வோர் மன்றத்திலிருந்து தேசிய மன்றம் வரையிலும், அங்கிருந்து ஸுப்ரீம் கோர்ட்டு வரையிலும் வழக்குச் சென்றது. 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் 20-ஆம் தேதி ஸுப்ரீம் கோர்ட்டார் கம்பெனியின் அப்பீலைத் தள்ளி, நஷ்டஈடாக 3 லக்ஷம் ரூபாயும், பழைய வண்டிக்குப் பதிலாக வேறு வண்டியும் தரவேண்டுமென்ற உத்தரவை உறுதி செய்தார்கள். விபத்து நேர்ந்து நாலரை வருஷத்துக்குப் பிறகே அவருக்கு நியாயம் கிடைத்தது.

இஃது ஒரு தனி மனிதருடைய வழக்கன்று. நாட்டில் கார் வைத்திருக்கும் ஒவ்வொருவருடைய வழக்கும் இதுவே. 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டார்கள் என்று சர்க்கார் கணக்கே கூறுகின்றது. இப்பெருஞ்சேதத்தைக் குறைக்கும்பொருட்டே, 2019-ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதல் ஒவ்வொரு புதிய காரிலும் ஓட்டுபவருக்கு ஒரு காற்றுப் பை இருக்கவேண்டுமென்று விதி ஏற்பட்டது. பிறகு முன் ஆசனத்தில் அமரும் மற்றவருக்கும் அது கட்டாயமாக்கப்பட்டது. சட்டத்தின் கட்டளைப்படி ஜனங்கள் விலை கொடுத்து வாங்குகின்ற பொருள் அது. ஆபத்து வேளையில் அது வேலை செய்யாவிட்டால், காரணத்தை எடுத்துக்காட்ட வேண்டியவர் யார்? அடிபட்டவரா, செய்து விற்றவரா? இதுவே இன்று நம் முன்னுள்ள கேள்வி. இதற்கு நேர்மையான விடை காணவேண்டுமானால், அப்பை எவ்வாறு வேலை செய்கிறது, எக்காரணங்களால் வேலை செய்யாதிருக்கிறது என்பதை முதலில் நடுநிலையோடு அறிந்துகொள்வது அவசியம்.

காரின் முன்பாகத்தில் அதிர்ச்சியை உணரும் சிறு கருவிகள் பொருத்தப்பட்டிருக்கின்றன. வண்டி மோதியவுடன் அதன் வேகம் எவ்வளவு திடீரென்று குறைகிறது என்பதை அவை அளந்து, வண்டியின் நடுவேயுள்ள ஒரு மின்சாரப் பெட்டிக்குத் தெரிவிக்கின்றன. அந்தப் பெட்டியே தீர்ப்புச் சொல்லும் நீதிபதி. பை வேண்டுமென்று அது தீர்மானித்தால் ஒரு மின்பொறி பாய்கிறது. ரஸாயன மருந்து எரிந்து வாயு கிளம்புகிறது. பை உறையைக் கிழித்துக்கொண்டு வெளிவருகிறது. ஒரு வினாடியை ஆயிரம் கூறுகளாக்கினால், ஏறக்குறைய ஐம்பது கூறுகளுக்குள் இவ்வளவும் முடிந்துவிடும். கண் ஒருமுறை இமைப்பதற்கு இதனினும் அதிக நேரம் வேண்டும்.

இவ்வளவு வேகத்தோடு வெடித்து விரியும் பொருள் பஞ்சணையன்று, அடியும் கொடுக்கவல்லது. அமெரிக்காவில் 1990 முதல் 2008 வரை, மெதுவான மோதல்களில் இப்பை விரிந்த வேகத்தாலேயே 290-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்களென்று கணக்கிடப்பட்டிருக்கிறது. அவர்களில் பலர் குழந்தைகள். ஆகவே தேவையில்லாத இடத்தில் விரியாமலிருப்பதும் இக்கருவியின் கடமைகளில் ஒன்றாயிற்று. சிறு இடிக்கு அது விரியாது. அசையாத சுவரொன்றில் மணிக்குச் சுமார் 16 முதல் 19 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவதற்குச் சமமான அதிர்ச்சி ஏற்பட்டால், ஆசனப்பட்டை அணியாதவருக்காக விரியும்படியும், பட்டை அணிந்தவருக்குச் சுமார் 26 கிலோமீட்டர் வேகத்துக்குச் சமமான அதிர்ச்சியில் விரியும்படியும் பல கார்களில் அமைத்திருக்கிறார்கள். சுவருக்குப் பதிலாக அதே எடையுள்ள, நின்றுகொண்டிருக்கும் மற்றொரு காரில் மோதினால், அதே அதிர்ச்சி உண்டாவதற்கு ஏறக்குறைய இருமடங்கு வேகம் வேண்டும். ஆகையால் முன்புறம் நசுங்கியிருப்பதைக் கண்ட மாத்திரத்திலேயே பை விரிந்திருக்கவேண்டுமென்று முடிவு கட்டிவிட முடியாது.

திசையும் ஒரு காரணம். முன் ஆசனத்துக்கு எதிரேயுள்ள பை முன்புற மோதலுக்காக ஏற்பட்டது. பின்னாலிருந்து ஒரு வண்டி வந்து இடித்தாலும், பக்கவாட்டில் இடித்தாலும், கார் உருண்டு கவிழ்ந்தாலும் அது விரியவேண்டுமென்ற நியதியில்லை. பக்கவாட்டு இடிக்குத் தனிப் பைகள் உண்டு. ஆறு பைகளைக் கட்டாயமாக்க 2022 ஜனவரியில் சர்க்கார் ஒரு நகல் விதி வெளியிட்டார்கள். அமலுக்கு வரும் தேதியைத் தள்ளிவைத்து, 2023-ஆம் ஆண்டில் அந்தக் கட்டாயத்தைக் கைவிட்டார்கள்.

இன்னொரு காரணம் நமது நெடுஞ்சாலைகளில் இரவுதோறும் காத்திருக்கிறது. விளக்கின்றி நிறுத்தப்பட்ட லாரியின் பின்புறத்தில் கார் பாய்கிறது. லாரியின் தட்டு உயரத்திலிருப்பதால், காரின் பலமான முன்சட்டம் எதிலும் மோதாமல் தட்டின் கீழே நுழைந்துவிடுகிறது. மேற்பாகமும் கண்ணாடியும் நசுங்கி, உள்ளிருப்போரின் தலைக்கே ஆபத்து வந்தபிறகும், அதிர்ச்சியை அளக்கும் கருவிக்குப் போதிய தாக்குதல் உரிய காலத்தில் எட்டுவதில்லை. இதற்காகவே லாரிகளின் பின்புறத்தில் தாழ்வாக ஓர் இரும்புத் தடுப்பு இருக்கவேண்டுமென்று விதி இருக்கிறது. அத்தடுப்பு இல்லாமலும், பெயருக்கு ஒரு தகடாகவும் ஓடுகின்ற லாரிகளை நாம் காண்கிறோம். அங்கே பை விரியாததற்குக் காரணம் காருக்குள் இல்லை. விதியை அமல் செய்யாத அதிகாரிகளின் அசிரத்தையில் இருக்கிறது.

நமது சொந்தக் குற்றங்களையும் மறைக்கவேண்டுவதில்லை. வண்டியின் முன்னே கம்பீரத்துக்காகக் கனத்த இரும்புக் கம்பிகளைப் பொருத்திக்கொள்ளும் வழக்கம் நம்மவரிடம் பரவியிருந்தது. வண்டியின் முன்பாகம் எவ்வாறு நசுங்கும் என்று கணக்கிட்டே அதிர்ச்சிக் கருவிகள் வைக்கப்பட்டிருக்கின்றன. அந்தக் கணக்கை இக்கம்பிகள் குலைத்துவிடுகின்றன. 2017 டிசம்பரில் மத்திய சர்க்கார் இவற்றுக்கு எதிராக மாகாணங்களுக்கு எழுதியும் சிலர் இன்னும் விட்டபாடில்லை. ஆசனத்தின் பக்கத்தில் பை அடங்கியிருக்கும் வண்டிகளுக்குக் கடைத்தெருவில் கிடைக்கும் இறுக்கமான உறையைத் தைத்துப் போடுகிறோம். எதிரேயுள்ள பலகையில் காற்றுப் பைக்குரிய சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்தால், “வண்டிதான் ஓடுகிறதே” என்று அலக்ஷியம் செய்கிறோம். கருவியில் கோளாறு நேர்ந்திருக்கிறது, பை விரியாமற்போகலாம் என்பதே அந்த விளக்கின் பொருள்.

பழைய வண்டிகளை வாங்குவோர் இரட்டிப்பு ஜாக்கிரதையாயிருக்கவேண்டும். ஒருமுறை விரிந்த பை மீண்டும் பயன்படாது. புதியது பொருத்தவேண்டும், செலவும் அதிகம். செலவுக்கு அஞ்சி உள்ளே ஒன்றும் வைக்காமல் மேல்மூடியை மட்டும் மாட்டி, விளக்கையும் தந்திரமாக அணைத்து விற்பவர்கள் பல தேசங்களிலும் பிடிபட்டிருக்கிறார்கள். சென்னை நகரில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வந்த வெள்ளங்களில் எத்தனையோ கார்கள் மூழ்கின. ஆசனத்தின் அடியிலுள்ள கம்பி இணைப்புகளிலும் நடுவேயுள்ள மின்சாரப் பெட்டியிலும் நீர் புகுந்தால் துருப்பிடித்துக் கெடும். வெள்ளத்தில் நனைந்த வண்டியை உலர்த்தி, வர்ணம் பூசி, அச்செய்தியை மறைத்து விற்பவன் பணத்தை மட்டும் மோசம் செய்கிறவன் அல்லன். வாங்குபவனுடைய உயிரையும் பணயம் வைக்கிறவன்.

இதுவரை கூறியவற்றால், விரியாத பைக்கெல்லாம் கம்பெனியே குற்றவாளி என்று நாம் சொல்லவில்லை என்பது விளங்கும். ஆனால் கம்பெனியின் குற்றமே காரணமாயிருந்த காலங்களும் உண்டு. அந்தச் சரித்திரத்தை அறிந்தவர்கள், “வேகம் போதவில்லை” என்ற பதிலைக் கேட்டுத் திருப்தியடைந்து வீட்டுக்குப் போகமாட்டார்கள்.

அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி உலகப் பிரசித்தி பெற்றது. அக்கம்பெனியின் ஷெவ்ரலே கோபால்ட், ஸாட்டர்ன் அயான் முதலிய வண்டிகளில், சாவி திருகும் விசைப்பூட்டு கம்பெனியே விதித்த அளவினும் தளர்ந்திருந்தது. அளவுக்குக் குறைந்தது என்று தெரிந்தே 2002-ஆம் ஆண்டில் அதற்கு அனுமதி தந்தார்கள். சாலையின் ஒரு குலுக்கலோ, சாவிக்கொத்தின் கனமோ, முழங்காலின் இடியோ போதும். ஓடும் வண்டியில் சாவி தானே பின்வாங்கிவிடும். இயந்திரம் நின்றுவிடும், சுக்கான் கனத்துவிடும், காற்றுப் பைக்குச் செல்லும் மின்சாரமும் அற்றுவிடும். வண்டி அடக்கமின்றி மரத்திலோ மற்றொரு வண்டியிலோ மோதும் அந்த க்ஷணத்தில், பை தன் உறைக்குள்ளேயே உறங்கிக் கிடக்கும்.

ஓடும்போது வண்டி நின்றுபோகிறதென்ற புகார்கள் 2004, 2005-ஆம் ஆண்டுகளிலேயே கம்பெனிக்கு எட்டிவிட்டன. ஆயினும் அது வாங்குவோரின் ‘சௌகரியம்’ பற்றிய விஷயமென்றே எழுதிவைத்தார்கள். சாவி பின்வாங்கினால் பை விரியாது என்பதை, அந்த வண்டியைச் செய்தவர்களிலேயே பலர் நினைத்துப் பார்க்கவில்லையென்று கம்பெனியே நியமித்த வழக்கறிஞரின் விசாரணை அறிக்கை 2014-ஆம் ஆண்டில் கூறிற்று. 2006-ஆம் ஆண்டையொட்டிப் பூட்டை ஓசைப்படாமல் திருத்தினார்கள். ஆனால் உறுப்பின் எண்ணை மாற்றவில்லை. பழைய பூட்டுக்கும் புதிய பூட்டுக்கும் ஒரே எண். வெளியிலிருந்து ஆராய்ந்தவர்களுக்கு உண்மை புலப்படாமல் வருஷங்கள் கழிந்தன. அதைத் திருத்த ஒரு வண்டிக்கு 57 ஸென்ட், அதாவது ஒரு டாலரில் பாதிக்குச் சற்று அதிகமே, செலவாகுமென்ற கணக்கு அமெரிக்கக் காங்கிரஸ் சபையின் விசாரணையில் வெளிவந்தது.

உண்மையை வெளிக்கொணர்ந்தவர்கள் சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் அல்லர். மகளை இழந்த ஒரு குடும்பமும், அவர்களுக்காக வாதாடிய வக்கீலும், பழைய பூட்டையும் புதிய பூட்டையும் அக்கக்காகப் பிரித்து ஒத்துப்பார்த்த ஒரு நிபுணருமே அதைச் செய்தார்கள். 2014-ஆம் ஆண்டில் சுமார் 26 லக்ஷம் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. கம்பெனி ஏற்படுத்திய நஷ்டஈட்டு நிதியே 124 மரணங்களை ஒப்புக்கொண்டது. 2015 செப்டம்பரில் 90 கோடி டாலர் செலுத்தி அமெரிக்க நீதி இலாகாவுடன் கம்பெனி உடன்படிக்கை செய்துகொண்டது.

பலமான சட்டங்களும் விழிப்புள்ள பத்திரிகைகளும் உள்ள தேசத்திலேயே உண்மை வெளிவரப் பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்றென்றால், நம் நாட்டில் தனித்து நிற்கும் ஓர் உரிமையாளர் என்ன செய்வார்? பை ஏன் விரியவில்லையென்று சொல்லக்கூடிய சாக்ஷி ஒன்றே ஒன்றுதான். அதுதான் நாம் நீதிபதியென்று குறிப்பிட்ட அந்த மின்சாரப் பெட்டி. மோதலுக்கு முந்திய வினாடிகளில் வண்டியின் வேகம், தடை அழுத்தப்பட்டதா, ஆசனப்பட்டை அணியப்பட்டதா, அதிர்ச்சி எவ்வளவு, விரியச் சொல்லிக் கட்டளை பிறந்ததா என்பவற்றையெல்லாம் பதிவு செய்யும் வசதி பல வண்டிகளில் இருக்கிறது. ஆனால் அந்தப் பதிவைப் படிக்கும் கருவியும் வித்தையும் கம்பெனியாரின் கையில் இருக்கின்றன. பிரதிவாதியின் பெட்டகத்தில் ருஜுவைப் பூட்டிவைத்துவிட்டு, வாதியைப் பார்த்து “ருஜுப்பித்துக் காட்டு” என்று சொல்வது என்ன நியாயம்?

இந்த அநியாயத்தைத்தான் ஸுப்ரீம் கோர்ட்டார் 2022-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் கண்டித்தார்கள். பை இருக்கும் வண்டியை வாங்குகிறவர், முன்புறம் மோதினால் அது தானே விரியுமென்று எதிர்பார்ப்பது இயல்பே. வேகத்தையும் விசையையும் கணக்கிட்டுப் பார்க்க அவர் பௌதிக சாஸ்திர நிபுணராயிருக்க வேண்டுவதில்லை என்பது அத்தீர்ப்பின் கருத்து. கண்ணெதிரே நிற்கும் நிகழ்ச்சியே குறையைக் காட்டும்போது, குறை தன்னுடையதன்று என்று காட்டவேண்டிய பாரம் விற்றவரைச் சாருகிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், குறையுள்ள பொருளால் விளையும் தீங்குக்கு அதைச் செய்தவரைப் பொறுப்பாளியாக்கும் ஒரு தனி அத்தியாயத்தைக் கொண்டிருக்கிறது. தீர்ப்பும் சட்டமும் நம் பக்கம் இருக்கின்றன. இல்லாதது ஒன்றுதான்: சாமானிய மனிதர் நாலரை வருஷம் அலையாமல் அவற்றைக் கைக்கொள்ளும் வழி.

அவ்வழிக்கு நான்கு காரியங்கள் வேண்டும். முதலாவது, விபத்தின் பதிவு வண்டியின் உரிமையாளருக்கே சொந்தமென்று சட்டத்தில் ஐயத்துக்கிடமின்றி எழுதப்படவேண்டும். அமெரிக்காவில் 2015-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அவ்வாறே கூறுகிறது. ஐரோப்பிய யூனியனில் 2024 ஜூலை முதல் எல்லாப் புதிய கார்களிலும் அப்பதிவுக் கருவி கட்டாயமாயிற்று. இரண்டாவது, உயிர்ச்சேதமோ பெருங்காயமோ நேர்ந்து பை விரியாத ஒவ்வொரு விபத்திலும், கம்பெனியைச் சாராத நிபுணர் அப்பதிவை எடுத்துப் பரிசோதிக்கவேண்டும். அதுவரை வண்டியைக் கம்பெனியின் கொட்டகைக்கு இழுத்துச் செல்ல விடலாகாது. மூன்றாவது, பை எப்பொழுது விரியும், எப்பொழுது விரியாது என்பதைத் தமிழிலும் மற்ற தேசபாஷைகளிலும் ஒரு பக்கத்துக்கு மிகாமல் தெளிவாக அச்சிட்டு, விற்கும்போதே கையில் கொடுக்கவேண்டும். தடித்த இங்கிலீஷ் புத்தகத்தின் நடுவே பொடியெழுத்தில் புதைத்துவைத்த நிபந்தனையை விபத்துக்குப் பிறகு தோண்டியெடுத்துக் காட்டுவது யோக்கியமான வியாபாரமன்று. நான்காவது, குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி உத்தரவிட 2019-ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் அளித்த அதிகாரத்தைச் சர்க்கார் கூச்சமின்றிப் பிரயோகிக்கவேண்டும்.

குறையை ஒப்புக்கொள்வதால் கம்பெனிகள் அழிந்துவிடுவதில்லை. 2023 ஜனவரியில் மாருதி கம்பெனியார், காற்றுப் பைக்குரிய மின்சாரப் பெட்டியில் குறை இருக்கக்கூடுமென்று ஐயுற்று, 17,362 வண்டிகளைத் தாங்களே திரும்ப அழைத்தார்கள். அந்த வண்டிகள் செய்யப்பட்டு இரண்டு மாதங்கூட ஆகவில்லை. அதனால் அவர்களுடைய வியாபாரம் முழுகிப்போய்விடவில்லை.

இவ்வாறெல்லாம் கட்டுப்படுத்தினால் விலை ஏறிவிடும், ஏழை நாடு தாங்காது என்று சிலர் ஆட்சேபிப்பார்கள். இந்தப் பல்லவி புதிதன்று. 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் என்ற அந்நிய ஸ்தாபனம், இந்தியாவில் விற்கப்பட்ட ஐந்து பிரபல கார்களைக் காற்றுப் பை இல்லாத நிலையில் மோதவிட்டுப் பரீக்ஷித்தது. ஐந்துக்கும் பெரியவர்களைக் காக்கும் திறனில் பூஜ்யமே கிடைத்தது. அவற்றுள் ஒன்றான போலோ வண்டி இரண்டு பைகளுடன் பரீக்ஷிக்கப்பட்டபோது நான்கு நக்ஷத்திரம் பெற்றது. பையில்லாத வகையை அதைச் செய்தவர்கள் இந்தியாவில் விற்பதை நிறுத்தினார்கள். அதற்கு முன்பு ஐரோப்பியனுடைய மார்புக்குப் பை வேண்டும், இந்தியனுடைய மார்புக்கு வேண்டாம் என்றல்லவா வியாபாரம் நடந்தது? ஸ்ரீபெரும்புதூரிலும் இருங்காட்டுக்கோட்டையிலும் நமது தொழிலாளிகள் செய்யும் கார்கள் கடல்கடந்து செல்கின்றன. அவர்கள் கைத்திறமை அந்நிய நாட்டாருக்குப் போதுமானதாயிருக்கிறது. அப்படியிருக்க, நமது உயிருக்கு மட்டும் குறைந்த விலை போட நாம் ஏன் சம்மதிக்கவேண்டும்?

உரிமையைக் கேட்கும் நாம் கடமையையும் மறக்கலாகாது. காற்றுப் பை ஆசனப்பட்டைக்குத் துணையேயன்றி மாற்று அன்று. பட்டையில்லாதவர், பை விரிந்து முடிவதற்கு முன்பே முன்னுக்கு வீசியெறியப்பட்டு, வெடித்து வரும் பையின் முகத்திலேயே போய் மோதுகிறார். 2022-ஆம் ஆண்டில் பட்டை அணியாமல் இறந்தவர் 16,715 பேர். அவர்களில் பாதிப் பேர் வண்டியை ஓட்டாத பிரயாணிகள். அவ்வருஷம் செப்டம்பர் 4-ஆம் தேதி பம்பாய்க்கு வடக்கே பால்கர் அருகில் நேர்ந்த விபத்தில், டாடா ஸன்ஸ் முன்னாள் தலைவர் ஸைரஸ் மிஸ்திரி காலமானார். விலையுயர்ந்த வண்டிதான்; பைகளும் இருந்தன. ஆனால் பின் ஆசனத்தில் இருந்த அவரும் அவருடன் இறந்தவரும் பட்டை அணிந்திருக்கவில்லையென்று போலீஸார் தெரிவித்தார்கள். முன் ஆசனத்திலிருந்த இருவரும் பிழைத்தார்கள். செல்வத்தால் வாங்க முடியாத காவலை, ஒரு கைமுழம் பட்டை கொடுக்கவல்லது.

ஆகவே, இன்று முதல் வண்டியில் ஏறுமுன் பட்டையை அணிவோம். முன்னே மாட்டிய இரும்புக் கம்பியைக் கழற்றி எறிவோம். சிவப்பு விளக்கு எரிந்தால் வண்டியை நிறுத்திப் பரிசோதிப்போம். இவ்வளவும் செய்த பிறகும் விபத்து வேளையில் பை விரியவில்லையானால், “உன் வேகம் போதவில்லை” என்ற ஒற்றை வாக்கியத்துக்குத் தலைவணங்காமல், “பெட்டியைத் திற, பதிவைக் காட்டு” என்று கேட்போம். அவ்வாறு கேட்பது ஒவ்வொரு பிரஜையின் உரிமை; கேட்டவருக்குக் காட்டும்படி செய்விப்பது சர்க்காரின் கடமை. டில்லியில் ஒருவர் தனியே நின்று நாலரை வருஷம் போராடிப் பெற்ற நியாயம், நாட்டிலுள்ள அனைவருக்கும் கேட்ட மாத்திரத்தில் கிடைக்கவேண்டும். அதற்குரிய சட்டம் பார்லிமெண்டில் நிறைவேறும்வரை நமது பிரதிநிதிகளை நாம் உறங்கவிடலாகாது.